ஊசியின் துணைவன்

ஆறாம் வாரத்து ஊசி போட்டு வந்த இரவில் குழந்தையின் உடம்பு கொதிக்கக் கண்டு கலங்காத தாய் இல்லை. உறவினர் அருகிலில்லாத வேற்றூரில் வாழும் நம்மவர்க்கு அந்த இரவு இன்னும் நீளம். காய்ச்சலைத் தருகிற பொருளே காப்புக்கும் துணை நின்ற வரலாறு ஒரு குதிரை லாயத்தில் தொடங்குகிறது.

பாரிஸுக்கு அருகே, பாஸ்டர் நிலையத்தின் லாயத்தில், காஸ்தோன் ராமோன் என்னும் கால்நடை மருத்துவர் பதப்படுத்திய தொண்டை அடைப்பான் நச்சைக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து நச்சுமுறி எடுத்து வந்தார். ஊசி பட்ட இடத்தில் சீழ்க்கட்டி கண்ட குதிரைகளே மிகுதியான நச்சுமுறி தந்தன. வேறொருவராயின் கட்டியைப் பிழையென்று ஒதுக்கியிருப்பார். ராமோனோ 1925-ஆம் ஆண்டு வாக்கில், அழற்சியை வேண்டுமென்றே உண்டாக்க மரவள்ளி மாவை மருந்தில் கலந்தார். நம் வீட்டுக் கஞ்சிச் சரக்கேதான்! பலன் பெருகிற்று.

1937-இல் நியூயார்க்கில் ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் இறந்த காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் குழைத்துச் சேர்த்தார். எதிர்ப்பாற்றல் பன்மடங்காயிற்று, ஊசி பட்ட இடமோ புண்ணாயிற்று. அக்கலவை ஆய்வுக்கூட விலங்குகளோடு நின்றது. 1947-இல் கனடாவில், கொன்ற கக்குவான் கிருமி தன்னோடு கலந்த தொண்டை அடைப்பான் மருந்தின் வலிமையையும் உயர்த்துவது தெரிந்தது. நம் நாட்டில் அரசு போடும் ஆறாம் வாரத்து ஊசியில் இருப்பதும் அக்கிருமியே. காய்ச்சலுக்குப் பெரும்பங்கு காரணமும் அதுவே.

‘அட்ஜுவன்ட்’ என்ற சொல்லுக்கு, மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நாம் முதலில் ‘அனுபானம்’ என்றெழுதினோம். தேனும் நெய்யும் மருந்தை உள்ளே கொண்டு சேர்ப்பவை. இதுவோ உடலின் காவலைத் தட்டி எழுப்புவது. ஆகவே அதை அடித்துவிட்டுத் ‘துணையூக்கி’ என்றோம். முழு நிறைவில்லை.

காவல் ஏன் விழிக்கிறது? கிருமியின் சாயலைக் கண்டாலன்றி உடல் முனைந்து போராடாது என்று சார்லஸ் ஜேன்வே 1989-இல் கருதினார். பாக்டீரியாவின் புறத்தோலிலுள்ள நச்சுக் கொழுப்பை உணரும் ஏற்பியை 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் எலிகளில் கண்டறிந்தனர். அதற்கு முன்பே, மான்டானாவில் எட்கர் ரிபியும் துணைவரும் சால்மொனெல்லா கிருமியின் அந்தக் கொழுப்பிலிருந்து ஒரு பாஸ்பேட்டையும் ஒரு கொழுப்பமிலத்தையும் நீக்கியிருந்தனர். நஞ்சு வெகுவாகக் குறைந்தது; எழுப்பும் ஆற்றல் எஞ்சியது. நம் கணிப்பில், இவ்வரலாற்றின் அருஞ்செயல் இதுவே.

அந்தப் பொருள் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஓர் ஊசியில் சேர்ந்து, 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கென 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மலேரியா ஊசியிலும் அது உண்டு. அங்கே அதனுடன் கூட்டுச் சேர்ந்திருப்பது ஒரு மரப்பட்டையின் சபோனின்; ராமோன் தம் குதிரைகளுக்குக் கலந்து பார்த்த பொருள்களில் சபோனினும் ஒன்று.