எட்டு அங்குலப் பட்டு

நான்காம் நூற்றாண்டில் வடசீனத்தில் சூ ஹுவே என்ற பெண் தன் கணவனுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். மையால் எழுதியதல்ல, தறியில் நெய்தது. நீளமும் அகலமும் எட்டு சீன அங்குலம், ஐந்து நிறப் பட்டு. பெயர் ‘ஷுவான்ஜி தூ’.

கணவன் தோ தாவ் ஓர் ஆளுநர். அவன் பாலைவனத்துக்கு நாடுகடத்தப்பட்டான், பிரிவு தாங்காமல் இவள் 840 எழுத்துகளை நெய்தாள் என்கிறது 648-இல் தொகுத்த ‘சின் வரலாறு’. பேரரசி வூ சதியென் பெயரில் 692-ஆம் ஆண்டிட்டு வழங்கும் முன்னுரையிலோ அவன் ஆசைநாயகியோடு சியாங்யாங் போய்விடுகிறான். பட்டைப் படித்தபின் வண்டி அனுப்பி மனைவியை அழைத்துக்கொள்கிறான். இரண்டாவதில் உப்பு புளி கூடுதல். ஊர் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்.

வரிசைக்கு 29 எழுத்தாக 29 வரிசை. வெளிவிளிம்பைச் சுற்றி வந்தால் 112 எழுத்து, அதாவது ஏழெழுத்து அடிகள் பதினாறு. உள்ளே மேலிருந்து, கீழிருந்து, குறுக்கே, மூலைவிட்டமாக எப்படிப் போனாலும் கவிதை. நம் மாலைமாற்றைத் திருப்பினால் அதே வரி வரும். இதைத் திருப்பினால் வேறு கவிதை வரும். பழஞ்சீனத்தில் ஓரெழுத்தே பெரும்பாலும் ஒரு சொல், வேற்றுமை உருபு கிடையாது. சொல்லை இடம் மாற்றினால் போதும், எழுவாய் செயப்படுபொருளாகிவிடும்.

பட்டு தொலைந்தது, படிகள் பிழைத்தன. கறுப்பு மையில் படியெடுத்தபோது நிறம் போயிற்று. எங்கே பிரித்துப் படிப்பது என்ற துப்பும் கூடவே போயிற்று. பின்வந்தவர்கள் ஊகித்து மறுபடி வண்ணமிட்டார்கள். பிறகு கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள். துறவி ச்சிசோங் 3,752 கவிதைகள் எடுத்தார். மிங் காலத்துக் காங் வான்மின் 4,206 சேர்த்து 7,958 ஆக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீ ரூசென் தன் ‘கண்ணாடியில் பூக்கள்’ நாவலுக்குள் முழுக் கட்டத்தையும் வைத்தார். இத்தனை பேர் எண்ணியதில் அது கடிதம் என்பது மறந்தே போயிற்று.

நடுவில் எட்டெழுத்து வட்டமாக நிற்கிறது: ‘ஷிபிங் ஊர்ச் சூ வீட்டுப் பெண்ணின் ஷுவான்ஜி தூ கவிதை’ என்ற கையொப்பம். அதன் மையத்தில் இன்று ‘இதயம்’ என்ற எழுத்து இருக்கிறது. 841-ஆவதான அது பிற்காலத்தார் சேர்த்தது என்பார்கள். சேர்த்திருக்க வேண்டாம். அவர்கள் சொல்வது சரியென்றால், அவள் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தாள்.