பாடத்திட்ட, மதிப்பீட்டுச் சீர்திருத்தம் (ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்)

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தமிழ்நாட்டு அரசியலோடும் பள்ளிக் கல்வி பற்றிய விவாதங்களோடும் நெருங்கிய தொடர்புடைய ஊர்கள். சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்ற காமராஜர், 1954-இல் முதல்வரானதும் அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்றிருந்த 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தைக் கைவிட்டார். பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கக் கூடாது என்ற அந்த முடிவு, பின்வந்த மாற்றங்கள் அனைத்துக்கும் அடித்தளம்.

மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநிலப் பாடத்திட்டம் என நான்காகப் பிரிந்து கிடந்ததை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் சமச்சீர்க் கல்வியாக ஒன்றிணைத்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அது பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளுக்கும் வந்தது. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை தொடங்கியது. புத்தகம் மூன்றாகப் பிரிந்ததில் பை இலகுவானது, மதிப்பீடும் மாறியது. பருவம் முழுதும் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. செயல்திட்டத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதே இதன் பெரும் பேறு. ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியும், பாலைச் சுண்டக் காய்ச்சும் பால்கோவா அடுப்பும், மலையடிவாரத்துச் சாம்பல் நிற அணிலும் இப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கையெட்டும் பாடங்கள். சுண்டும் பாலைப் பார்த்தே விகிதத்தையும் ஆவியாதலையும் கற்றுவிடலாம்.

மேல்நிலை வகுப்புகளில் நிலைமை வேறு. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைக்கும் வழக்கம் மாநிலத்தின் பல பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. அதைத் தடுக்க 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில ரேங்க் பட்டியல் நின்றது. 200 மதிப்பெண் தாள் 100 ஆனது. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில், கியூஆர் குறியீடு பதித்த புதிய பாடநூல்கள் 2018-19-இல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்கும், மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வெளிவந்தன. பாடத்தின் முடிவில் வரும் 'புக் பேக்' கேள்விகளை மட்டும் படித்தால் போதும் என்ற நம்பிக்கை தளரத் தொடங்கியது.

விருதுநகர் மாவட்டத்துக்கு, மனப்பாடத்தை விட்டு விலகும் இந்த மாற்றம் எளியது அல்ல. தேர்ச்சி விகிதத்தில் நெடுங்காலம் முன்னணியில் நின்ற மாவட்டம் இது. 2018-இலும் பிளஸ் டூ தேர்ச்சியில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு, கல்வியையும் ஓர் அளவுகோலாகக் கொண்ட நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலிலும் இடம்பெற்றது. தேர்ச்சி விகிதம் ஆசிரியர்களின் கடும் உழைப்புக்குச் சான்று. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடையின்றி வாசிக்கிறதா என்பதை அது சொல்லாது. அதைக் கவனிக்கவே 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கும் படியிலிருந்தே கற்பிப்பது அதன் முறை.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அதையொட்டி 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. மாணவரின் சுமை குறையும் என்பது நியாயம்தான். ஆயினும் பிளஸ் ஒன் பாடத்தை மீண்டும் ஓரங்கட்டாதபடி காக்கும் பொறுப்பு இப்போது பள்ளிகளின் உள்மதிப்பீட்டையே சார்ந்திருக்கிறது.