அம்மா எழுந்துட்டாங்களா? வைஃபை சொல்லுமா?

குஜிலியம்பாறையில அம்மா தனியா இருக்காங்க. நீங்க திருப்பூர்லயோ, சென்னையிலயோ வேலையில இருக்கீங்க. காலையில 7 மணிக்கு போன் அடிக்கிறீங்க, எடுக்கல. மறுபடியும் அடிச்சாலும் எடுக்கல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் போட்டு, 'கொஞ்சம் எட்டிப் பாருங்கக்கா'னு சொல்றதுக்குள்ள நெஞ்சு படபடத்துடும். பார்த்தா, அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பாங்க. ஆனா, என்னிக்காவது பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா?

கேமரா மாட்டலாம்னா, 'வீட்டுக்குள்ள என்னையே படம் பிடிப்பியா?'னு அம்மா மறுத்துடுவாங்க. அதுல நியாயமும் இருக்கு. இந்த இடத்தில்தான் 'வைஃபை சென்சிங்' கைகொடுக்கும் என்கிறார்கள்.

ரௌட்டரிலிருந்து கிளம்பும் ரேடியோ அலைகள் சுவர், பீரோ, கட்டில், நம் உடல் என எல்லாவற்றிலும் பட்டுச் சிதறித்தான் போனுக்கு வந்து சேர்கின்றன. வீட்டில் ஆள் நடந்தால் அந்தச் சிதறல் மாறும். கிணற்றுத் தண்ணீரில் வாளி விழுந்ததை அலையைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம் இல்லையா, அதுபோலத்தான். அந்த மாற்றத்தைக் கணக்குப் போட்டு, நடக்கிறாரா, அசைவே இல்லையா என்று மென்பொருள் ஊகிக்கிறது.

இதில் நம்ம ஊர் தொடர்பும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி-யில் படித்த ஷ்யாம் கொல்லகோட்டா, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவினருடன் சேர்ந்து 2013-ல் 'வைசீ' என்ற ஆய்வை வெளியிட்டார். வைஃபை அலையை மட்டும் வைத்து 9 விதமான உடலசைவுகளை 94% சரியாக அது கண்டுபிடித்தது. நொடிக்கு 500 கோடி முறை அதிரும் அலையில், ஒரு கையசைவு உண்டாக்கும் மாற்றம் சுமார் 17 அதிர்வுகள்தான். அதைப் பிரித்தெடுத்ததுதான் சாமர்த்தியம்!

கடைகளுக்கும் இது வந்துவிட்டது. விஸ் ஸ்மார்ட் பல்புகளில் 2022-ல் 'ஸ்பேஸ்சென்ஸ்' வசதி வந்தது. அறையில் குறைந்தது 2 பல்புகள் இருந்தால், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து விளக்கு எரியும். இதற்கென '802.11பிஎஃப்' என்ற பொதுத் தரநிலையும் 2025-ல் வந்திருக்கிறது.

ஆனா, அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. ஆள் அசைவதைச் சொல்லும் கருவி வேறு, ஆள் விழுந்ததைச் சொல்லும் கருவி வேறு. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சுழலும் ஃபேன், குறுக்கே ஓடும் பூனைகூட கணக்கைக் குழப்பலாம். கனமான கான்கிரீட் சுவர் அலையை மட்டுப்படுத்தும். கரன்ட் போனால் ரௌட்டரும் போச்சு, சின்ன யு.பி.எஸ் ஒன்று அவசியம். படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் கருவிகளை வைத்தால், இரவில் எழுந்து நடப்பது நன்றாகத் தெரியும்.

இன்னொன்று... கேமரா இல்லை என்பதால் இது அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண ரௌட்டர்களின் சிக்னலை வைத்தே, ஆள் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என உடலின் தோற்றத்தையே வரைந்து காட்டியது, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 2022 ஆய்வு. வைஃபை அலை சுவரோடு நிற்பதும் இல்லை. அதனால் ரௌட்டர் பாஸ்வேர்டை மாற்றுங்கள். தகவல் எந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்று கேளுங்கள். அதுக்கெல்லாம் முன்னாடி, அம்மாகிட்ட விவரமாச் சொல்லி சம்மதம் வாங்குங்க. பக்கத்து வீட்டு அக்கா நம்பரையும் அழிச்சிடாதீங்க. அலாரம் அடிச்சா, ஓடிப்போய்க் கதவைத் தட்டப்போறது அவங்கதான்.