கடைசி ஆள் ஏறும் வரை...

பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு மரச்சுவர். பிடித்து ஏற ஏணியும் இல்லை, கயிறும் இல்லை. எதிரே ஒரு டஜன் பள்ளிப் பிள்ளைகள். அத்தனை பேரும் ஏற வேண்டும். ஒருவர் கீழே நின்றுவிட்டாலும் மற்றவர்கள் ஏறியது கணக்கில் வராது. முதல் ஆளை ஏற்றுவது சுலபம், தோள் கொடுக்கக் கீழே ஆள் இருக்கிறது. கடைசி ஆளுக்குத்தான் சிக்கல். அவரைத் தூக்கிவிட யாரும் மிச்சம் இல்லை!

பல நாடுகளின் பள்ளிகளில் இன்று நடக்கும் இந்தத் தடை தாண்டும் பயிற்சி, பார்க்க வெறும் விளையாட்டுதான். ஆனால் இதன் பின்னால் ஓர் எரிமலையும் ஒரு சர்வாதிகாரியும் ஓர் உலகப்போரும் இருக்கின்றன.

எரிமலை

1902 மே 8. கரீபியன் கடலில் பிரான்சின் வசமிருந்த மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியர் நகரமே அழிந்து சுமார் 28,000 பேர் மாண்டார்கள். அப்போது அங்கே மீட்புப் பணியில் இருந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர். உடல் பலம் அழகுக்கு அல்ல, அடுத்தவருக்கு உதவுவதற்கே என்பது பின்னாளில் அவருடைய கொள்கையானது. ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், சுமத்தல் எல்லாவற்றையும் ஒரே தடத்தில் சேர்த்து அவர் 'இயற்கை முறை' என்ற பயிற்சியை உருவாக்கினார். ராணுவங்களின் தடை தாண்டும் பயிற்சிக்கு அது ஒரு முக்கிய வழிகாட்டி. ஆனால் ராணுவத்தில் பெரும்பாலும் பேசியது கடிகாரம்தான். யார் முந்தினார்கள் என்பதே அங்கே கேள்வி.

ஒரு தலைமையாசிரியரும் ஒரு கப்பல் முதலாளியும்

ஜெர்மனியில் ஸாலெம் என்ற இடத்தில் (நம்ம ஊர் சேலம் இல்லை!) 1920இல் தொடங்கிய பள்ளியை நடத்தியவர் கர்ட் ஹான். யூதர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933இல் கைதானார். விடுதலையானதும் பிரிட்டனுக்குப் போய், அடுத்த வருடம் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். போர் வந்ததும் அந்தப் பள்ளி வேல்ஸுக்கு இடம் மாறியது.

அதே சமயம் அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்தன. ப்ளூ ஃபன்னல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்ததாக நம்பினார். உயிர்காப்புப் படகுகளில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், திடமான இளைஞர்கள் மனம் தளர்ந்து இறந்துவிடுகிறார்கள் என்பதே அது. அப்படியானால் குறை உடம்பில் இல்லையே?

இருவரும் சேர்ந்து 1941இல் வேல்ஸின் அபர்டவி என்ற கடலோர ஊரில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார்கள். சுமார் ஒரு மாதப் பயிற்சி. படகு ஓட்டுதல், மலை ஏறுதல், மீட்புப் பயிற்சி. கடலில் வேலை செய்யப் போகாத பிள்ளைகளும் வந்தார்கள். கடலுக்காகப் பயிற்சி என்பதைவிட, கடல் வழியாகப் பயிற்சி என்பதே ஹோல்டின் எண்ணம்.

வகுப்பறைக்குள்

1962இல் இந்தப் பயிற்சி அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்குப் போனது. ஆனால் ஒரு மாதம் மலைக்குப் போக எல்லாப் பிள்ளைகளாலும் முடியுமா? 1971இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாமில்டன்-வென்ஹாம் என்ற சாதாரண அரசுப் பள்ளியில் இதற்கு வழி பிறந்தது. தலைமையாசிரியர் ஜெர்ரி பீ, மலைக்குப் பதில் பள்ளி வளாகத்திலேயே கயிறும் கட்டையும் சுவரும் வைத்து, உடற்பயிற்சி வகுப்போடு சேர்த்தார். அந்தத் திட்டத்தின் பெயர் 'ப்ராஜெக்ட் அட்வெஞ்சர்'.

அங்கே வளர்ந்த ஒரு விதி முக்கியமானது. எந்தத் தடையை எவ்வளவு தூரம் முயல்வது என்பதை மாணவரே முடிவு செய்யலாம். ஏற மறுப்பவரும் குழுவை விட்டு விலகுவதில்லை. கீழே கைகளை ஏந்தி, விழுபவரைத் தாங்க நிற்பதும் ஒரு வேலைதான். பயந்த பிள்ளையைக் கத்தி ஏற்றினால் கிடைப்பது துணிச்சல் அல்ல, அவமானம். அடுத்த தடவை அந்தப் பிள்ளை மைதானத்துக்கே வராது.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? ஜான் ஹேட்டி குழுவினர் 1997இல் இவ்வகை சாகசப் பயிற்சிகள் பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன்னம்பிக்கை, தன்னடக்கம் போன்றவற்றில் முன்னேற்றம் தெரிந்தது, பயிற்சி முடிந்த பிறகும் அது தொடர்ந்தது. ஆனால் நீண்ட பயிற்சிகளே அதிகப் பலன் தந்தன. ஒரு நாள் கூட்டிப் போய், போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிட்டால் போதாது என்று அர்த்தம்.

மறுபடி அந்தச் சுவருக்கு வருவோம். பலசாலியை முதலில் ஏற்றிவிட்டு எல்லோரும் கை தட்டினால் அந்தக் குழு தோற்றுவிடும். குண்டான பையனையும் பயந்த பெண்ணையும் எப்போது, எப்படி ஏற்றுவது என்று முதலிலேயே யோசித்த குழுதான் ஜெயிக்கும். பரீட்சையில் முதல் ரேங்க் யார் என்று மட்டும் பார்க்கும் பள்ளிகளில், கடைசியில் நிற்பவர் யார் என்று கேட்கும் ஒரு பாடமாவது இருக்கட்டுமே!