அட்டவணையின் அரசியல்

விளையாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால், 'இதுல என்னய்யா அரசியல் கெடக்கு?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அதிலும் கோல்ஃப்! கிட்டிப்புள் ஆடி வளர்ந்த புதுச்சேரித் தெருக்களுக்கும் அதற்கும் என்ன உறவு? உறவு ஆட்டத்தில் இல்லை. ஆட்டத்திற்கான நேரத்தை யார் குறிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 'வெளி' பற்றி நிறையப் பேசிவிட்டோம். காலத்தை அதிகாரத்தின் கருவியாக வாசித்தது குறைவு.

1878இல் இரண்டு பெண்கள் பிறக்கிறார்கள். மார்கரெட் அபட் கல்கத்தாவில். மிர்ரா அல்ஃபாஸா பாரிஸில். முன்னவர் அமெரிக்காவில் வளர்ந்து, ஓவியம் பயிலப் பாரிஸ் போனார். பின்னவர் பாரிஸில் ஓவியம் பயின்று, 1914இல் புதுச்சேரி வந்து, 1920 முதல் இங்கேயே தங்கி, ஆசிரமத்தின் 'அன்னை' ஆனார்.

1900இல் பாரிஸில் உலகக் கண்காட்சியும் ஒலிம்பிக்கும் ஒன்றோடொன்று கலந்து மாதக்கணக்கில் இழுத்தன. எது ஒலிம்பிக், எது கண்காட்சி வேடிக்கை என்பது ஆடியவர்களுக்கே விளங்கவில்லை. அக்டோபர் 2ஆம் தேதி ஆண்களுக்கு 36 குழி கோல்ஃப். மறுநாள் பெண்களுக்கு 9 குழி. பத்துப் பெண்கள் ஆடினார்கள். அபட்டின் தாய் மேரியும் அதில் ஒருவர். 47 அடிகளில் அபட் வென்றார். கையில் கிடைத்தது ஒரு பீங்கான் கிண்ணம். ஒலிம்பிக்கில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் தான்தான் என்பது தெரியாமலே 1955இல் இறந்துபோனார். பௌலா வெல்ச் என்ற ஆய்வாளர் பத்தாண்டுக்காலம் தேடி, அவருடைய மகனிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் மறுபடி நடந்தது 2016இல். நடுவே 116 ஆண்டுகள். அட்டவணையில் பெயர் ஒழுங்காக ஏறாத வெற்றி, வென்றவளுக்கே தெரியாமல் போகும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இனி புதுச்சேரி. 1943 டிசம்பர் 2இல் ஆசிரமப் பள்ளி தொடங்குகிறது. நாற்பதுகளின் முடிவில் அங்கே பெண்பிள்ளைகள் அரைக்கால்சட்டை அணிந்து, பையன்களுக்கு உரிய அதே பயிற்சிகளைச் செய்தார்கள். எழுபதைத் தொட்ட அன்னையே டென்னிஸ் ஆடினார். பேசப்பட்டதெல்லாம் உடைதான். நான் பார்க்கச் சொல்வது கடிகாரத்தை. அங்கே பொதுச் சமையல், பொதுச் சாப்பாட்டுக் கூடம். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிய வேண்டியதில்லை. மாலை நேரம் உடற்பயிற்சிக்கென்று குறிக்கப்பட்டபோது, அந்த நேரம் உண்மையிலேயே பெண்களின் கையில் இருந்தது. இது விடுதலையா, ஃபூக்கோ சொல்லும் ஒழுங்குபடுத்தலின் இன்னொரு வடிவமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே, குழாயில் தண்ணீர் வரும் நேரமும் உலை வைக்கும் நேரமுமே பெண்களின் அட்டவணையாக இருந்ததை மறந்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

இன்றைக்கு வருவோம். பெண்கள் விளையாட்டுக்குக் 'கவனம்' கூடிவருகிறது என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அது எப்படிக் கூடுகிறது? அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் சங்கம் 2012 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அதே சங்கம் 2019இல் தொழில்முறை சாராத பெண்களுக்கென ஒரு போட்டி தொடங்கியது. கௌரவம்தான். ஆனால் தேர்ந்தெடுத்த வாரம், 1972 முதல் கலிபோர்னியாவில் நடந்துவந்த பெண்களின் பெரும்போட்டி நடக்கும் வாரம். இளம் ஆட்டக்காரிகள் இரண்டில் ஒன்றை விட வேண்டியதாயிற்று. கடைசியில் நகர்ந்தது பழைய போட்டிதான்: 2023இல் தேதி மாறி, ஊர் மாறி, டெக்சாஸ் போய்ச் சேர்ந்தது. இதற்குப் பின்னால் தொலைக்காட்சி நேரமும் விளம்பரப் பணமும் இருந்தன. ஆனாலும் இடம் கொடுத்த கையே காலத்தைப் பறித்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோவில் புயல் எச்சரிக்கையால் கடைசிச் சுற்றை முன்னதாகவே தொடங்கினார்கள். இங்கே விடியவில்லை. பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், தாயே மட்டைப் பையைச் சுமந்துவர, ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். கோல்ஃப் விதி ஒன்றுகூடத் தெரியாத வீடுகளில் டி.வி. முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். மறுநாள் தலைப்பு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. தங்கத்துக்குத் தலைப்பு நியாயம்தான். என் கேள்வி வேறு. 2007இல் தொடங்கிய இந்திய மகளிர் ஓப்பனை 2016இல் இதே அதிதி வென்றாரே, அப்போது எத்தனை வீட்டில் டி.வி. ஓடியது? நாலு வருஷத்துக்கு ஒருமுறை விழித்துக்கொள்வதைக் கவனம் என்று சொல்ல முடியுமா? வருஷம் முழுக்க, தெரிந்த தேதியில், தெரிந்த நேரத்தில் ஆட்டம் நடந்தால்தானே பார்ப்பது பழக்கமாகும்?

பார்ப்பதற்கே இந்தக் கதி என்றால், ஆடுவதற்கு? நம்ம ஊர்க் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். வெளி திறந்துதான் கிடக்கிறது. அந்த ஆறு மணிக்கு யார் நடக்கிறார்கள், யார் அடுப்படியில் நிற்கிறார்கள் என்று கணக்கெடுப்பதிலிருந்து நம் விளையாட்டு வரலாற்றை எழுதத் தொடங்கலாம்.