இரவல் ஒளி

நடிகரை நட்சத்திரம் என்கின்றனர். வானத்து நட்சத்திரத்துக்குத் தன்னொளி உண்டு. நிலவுக்குத்தான் இரவல் ஒளி. இந்திப் படவுலகிலே புதுமுகங்களாய்ப் புகுந்து, பின்னர் தம் பெயரைக் கூறினாலே பணப்பெட்டிகள் திறக்கும் நிலையை எய்திய கதாநாயகர்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்குங்கால், அவருள் பலர் தொடக்கத்தில் நிலவாகவே இருந்தனர் என்பதைக் காண்கிறோம். அப்படியாயின், ஒளி எவருடையது? அந்தக் கேள்வியைப் பம்பாயில் கேட்போர் குறைவு. கேட்டுப் பார்ப்போம்.

முதலில் பணம் நடந்து வரும் பாதையை அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன், பம்பாயிலும் பூனாவிலும் கல்கத்தாவிலும் இருந்த பெரிய படநிலையங்கள் நடிகரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. போர்க்காலத்தில் கள்ளச் சந்தையில் பெருத்த பணம், ஒளிந்து கொள்ள இடம் தேடிப் படத்தொழிலுக்குள் நுழைந்தது. சம்பளத்துக்கு இருந்த நடிகரைப் படத்துக்கு இவ்வளவு என்று பேசி வெளியே இழுத்தது. நிலையங்கள் சரிந்தன. எஸ். கே. பாட்டீல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1951-இல் அளித்த அறிக்கை, தொழிலின் தலைமை பழைய தயாரிப்பாளர்களின் கையிலிருந்து நழுவி, நட்சத்திரங்கள், கடன் கொடுப்போர், விநியோகஸ்தர் ஆகியோரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதை எடுத்துரைத்தது.

வங்கிகள் படத்துக்குக் கடன் தருவதில்லை. 1998-இல் மத்திய அரசு படத்துறையைத் தொழில் என ஒப்புக்கொள்ளும் வரையில் பெரும்பாலும் அதுதான் நிலை. ஆகவே தயாரிப்பாளர் யாரிடம் போவார்? விநியோகஸ்தரிடம். பம்பாய், டில்லி–உத்தரப் பிரதேசம், கிழக்குப் பஞ்சாப், வங்கம், மத்திய இந்தியா, தெற்கு எனப் பகுதி பகுதியாகப் படம் பிறக்கு முன்பே விலை பேசப்படும். ஒப்பந்தம் எழுதும்போது ஒரு பகுதி, படப்பிடிப்பின்போது ஒரு பகுதி, படச்சுருள் கைக்கு வரும்போது மீதி. போதாததற்கு வட்டிக்கடை. முகூர்த்தம் என்று நாள் பார்த்துத் தேங்காய் உடைத்துப் படத்தைத் தொடங்கினார்களே, அந்தச் சடங்கிலே தெய்வத்தைவிட முக்கியமான விருந்தாளி விநியோகஸ்தர்தாம்!

அவர் கதை கேட்டுக் காலத்தைக் கழிப்பதில்லை. "யார் நடிக்கிறார்?" என்பார். ஏனெனில் நிலத்தையும் நகையையும் போலவே முகமும் இங்கே ஈடு. சென்ற படம் ஓடியிருந்தால் இந்த முகத்தின் பேரில் கடன் கிடைக்கும். அப்படியானால் முன்படமே இல்லாத இளைஞன் என்ன செய்வான்? முன்படம் இல்லாதவனுக்கு முன்பணம் இல்லை. முன்பணம் இல்லையேல் படம் இல்லை. படம் இல்லையேல் முன்படம் ஏது?

இந்தச் சுழலிலிருந்து அவனைக் கைதூக்கி விட்டவர் எவர்? இயக்குநரின் மேதைமை என்பர் சிலர். ஜாதகப் பலன் என்பர் பலர். சுவரொட்டியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மற்றொரு பெயரைப் படிக்குமாறு நாம் கூறுகிறோம். அங்கே, முன்பே புகழ் பெற்ற ஒரு பெண்ணின் பெயர் இருக்கும்.

மலாடுக்குப் போவோம். 1934-இல் இமான்சு ராயும் தேவிகா ராணியும் அங்கே பாம்பே டாக்கீசை நிறுவினர். 1936-இல் 'ஜீவன் நையா' படம் நடந்து கொண்டிருந்த வேளையில் கதாநாயகன் நஜ்முல் உசேன் நீக்கப்பட்டார். நிலையத்தின் இரசாயனக்கூடத்தில் வேலை பார்த்து வந்த குமுத்லால் கங்குலி என்ற இளைஞரை அழைத்து, முகத்தில் வண்ணம் பூசி, நாயகனாக நிறுத்தினர். அவருக்கு நடிப்பில் ஆசையுமில்லை, பழக்கமுமில்லை. கங்குலி என்ற குலப்பெயர் கழன்றது. அசோக் குமார் என்ற பெயர் ஏறியது. சாதிப்பட்டத்தைக் களைந்தனரே, சீர்திருத்த நோக்கமோ என்று வியக்க வேண்டாம். வங்காளி, பஞ்சாபி என்ற அடையாளமின்றி எல்லா ஊர்க் கொட்டகையிலும் செல்லும்படியான பெயர் அது; வணிகம் செய்த வேலை.

அதே ஆண்டு 'அச்சூத் கன்யா' வந்தது. தீண்டத்தகாதவள் எனப்பட்ட ஒரு பெண்ணும் பார்ப்பன இளைஞனும் கொண்ட காதல், இரயில் பாதையிலே அவள் உயிரோடு முடிகிற கதை. பெருவெற்றி பெற்ற படம். அதைக் காணச் சென்றோர் தேவிகா ராணியைக் காணச் சென்றனர். அவருக்குப் பக்கத்திலே கூச்சத்தோடு நின்ற இளைஞரையும் கண்டு வந்தனர். ஏழாண்டு கழிந்து, 1943-இல் வந்த 'கிஸ்மத்', கல்கத்தாவின் ராக்சி கொட்டகையில் மூன்றாண்டுக்கு மேல் ஓடியபோது, அசோக் குமார் எவர் துணையும் வேண்டாத நட்சத்திரமாகிவிட்டார். படத்தின் பெயர்ப்பொருள் 'விதி'. விதியா இவரை உயர்த்தியது? மாதச் சம்பளம் கொடுத்து, தோற்றால் நட்டத்தைத் தாங்கும் ஒரு நிலையமும், தன் புகழைப் பங்கிட்டுக் கொடுத்த ஒரு பெண்ணும் உயர்த்தியதை நாம் பார்த்தோமே!

1940-இல் இமான்சு ராய் மறைந்தபின் நிலையத்தின் பொறுப்பு தேவிகா ராணியிடம் வந்தது. பெஷாவரில் பிறந்த பழ வணிகரின் மகன், பூனாவில் படைவீரர் உணவுச்சாலையிலே ரொட்டித்துண்டு விற்றுக் கொண்டிருந்த யூசுப் கான், வேலை தேடி அவர் முன் நின்றார். மாதம் 1,250 ரூபாய் எனச் சம்பளம் பேசி, திலீப் குமார் எனப் பெயரும் மாற்றச் செய்தார் அந்த அம்மையார். 1944-இல் வந்த 'ஜ்வார் பாட்டா' தோற்றது. அடுத்தடுத்து வந்தவையும் அவரை உச்சிக்குக் கொண்டு போகவில்லை. ஆண்டுகள் ஓடின. 1947-இல் 'ஜுக்னு' வந்தது. கதாநாயகி நூர்ஜஹான். பாட்டுக்கும் நடிப்புக்கும் வடநாடு முழுதும் கொண்டாடிய பெயர். இயக்கியவர் அவருடைய கணவர். படம் ஓடிற்று. அவ்வாண்டே நாடு இரண்டாயிற்று. நூர்ஜஹான் பாகிஸ்தான் சென்றார். பம்பாயில் அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, இனி ஈடாக வைக்கத் தகுந்த திலீப் குமாரின் முகம்.

தேவ் ஆனந்துக்கு 1948 திருப்புமுனை ஆண்டு. பாம்பே டாக்கீசின் 'ஜித்தி' அவருக்கு வெற்றி தந்தது. அதில் நாயகி காமினி கௌசல், முன்னரே பெயர் பெற்றவர். அதே ஆண்டு 'வித்யா'வில் அவருடன் நடித்த சுரையா, பாடி நடிக்கும் நாயகியருள் முதல் வரிசையில் இருந்தவர். அடுத்தடுத்துப் பல படங்களில் சுரையா–தேவ் ஆனந்த் இணை வந்தது. இருவரும் மணக்க விரும்பியதும், மதம் வேறு என்று சுரையாவின் வீட்டார் குறுக்கே நின்றதும் நாடறிந்த செய்தி. சுரையா கடைசிவரை மணம் புரியவில்லை. 1963-க்குப் பின் திரையிலும் இல்லை. தேவ் ஆனந்த் அதன் பின்னும் பல்லாண்டுகள் இளங்காதலனாகவே வலம் வந்தார்.

ராஜ் கபூர் 1948-இல், இருபத்து நான்கு வயது நிறையுமுன்பே, சொந்த நிறுவனம் தொடங்கி 'ஆக்' எடுத்தார். நர்கிஸ் 1943-இலேயே மெஹபூபின் 'தக்தீர்' படத்தில் கதாநாயகி. புதியவருக்கு அவர் துணை வந்தார். 1949-இல் 'பர்சாத்' பெருவெற்றி. அந்த வெற்றியிலிருந்து நிறுவனத்தின் முத்திரை பிறந்தது: ஒரு கையில் பிடில், மறு கையில் சாய்ந்து தொங்கும் நங்கை. அந்த நங்கை நர்கிஸ். ஆனால் முத்திரையின்கீழ் எழுதியிருந்தவை ஆர். கே. என்ற அவருடைய எழுத்துகள்! 1956-இல் நர்கிஸ் வெளியேறினார். முத்திரையோ இருந்தது.

சென்னைக்கும் இக்கணக்கில் ஒரு வரி உண்டு. 'நானும் ஒரு பெண்' படத்தை ஏ.வி.எம். நிறுவனத்தார் 1964-இல் 'மைன் பீ லட்கீ ஹூம்' என இந்தியில் எடுத்தபோது, மீனாகுமாரிக்கு இணையாக நிறுத்தியது தர்மேந்திரா என்ற பஞ்சாப் இளைஞரை. 1960-இல் திரைக்கு வந்த அவர் அப்போது பெரிய நாயகியருக்குப் பக்கத்து இடம் நிரப்புபவராகவே இருந்தார். ஈராண்டில், 1966-இல், 'பூல் அவுர் பத்தர்' வந்தது. ஒரு திருடனும் ஒரு கைம்பெண்ணும் இணையும் கதை. கைம்பெண்ணாக மீனாகுமாரி. கைம்பெண்ணுக்கு வாழ்வுண்டு என்று கூறிய அப்படம் ஓடியது கண்டு நமக்கு மகிழ்ச்சி. தர்மேந்திரா முதல் வரிசைக்கு வந்தார். மீனாகுமாரி 1972 மார்ச்சு 31-இல் மறைந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

1965-இல் தயாரிப்பாளர் பலர் ஒன்றுகூடி, 'பிலிம்பேர்' இதழுடன் சேர்ந்து நாடு தழுவிய போட்டி வைத்தனர். புதுமுகத்தால் வரும் நட்டத்தைத் தனியொருவர் தலையில் சுமத்தாமல் பலரும் பகிர்ந்து கொள்ளும் சூழ்ச்சித்திறன்! வென்றவருள் ஒருவர் ஜதின் கன்னா எனும் ராஜேஷ் கன்னா. 1966-இல் 'ஆக்ரி கத்', 1967-இல் 'ராஸ்'. கைதட்டல் பெரிதாக எழவில்லை. ஆக, போட்டி கதவைத் திறந்தது, கருவூலத்தைத் திறக்கவில்லை. அதைத் திறந்தது 1969-இல் சக்தி சமந்தாவின் 'ஆராதனா'. இது யாருடைய கதை? ஊரறிய மணமாகுமுன் தாயாகி, காதலனை இழந்து, பெற்ற மகனையே மகன் என்று கூற முடியாமல் நரைத்துப் போகும் ஒரு பெண்ணின் கதை. முதற் காட்சியிலிருந்து முடிவு வரை ஷர்மிளா தாகூரின் படம். ராஜேஷ் கன்னா அதில் காதலனாகவும் வருகிறார், மகனாகவும் வருகிறார். இளமையைக் கொடுத்து அவரைக் காதலனாக்கியதும் அவளே, நரையை ஏற்று அவரை மகனாக்கியதும் அவளே! சிறந்த நடிகை என்ற பரிசு ஷர்மிளாவுக்குப் போயிற்று. விநியோகஸ்தரின் பணப்பை ராஜேஷ் கன்னாவுக்குப் போயிற்று. கிஷோர் குமாரின் குரலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு, மறுக்கவில்லை. நம் சாண்டோ சின்னப்பா தேவர் 1971-இல் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுக்கப் பம்பாய் சென்றபோது அவர் தேடியது ராஜேஷ் கன்னாவின் கையெழுத்தைத்தான்.

அமிதாப் பச்சன் 1969-இல் வந்தார், தோல்விகள் தொடர்ந்தன. ஜயா பாதுரி பூனா படப் பயிற்சிக் கழகத்தில் பயின்றவர். 1971-இல் 'குட்டி' அவரை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்துவிட்டது. 1972-இல் 'பன்சி பிர்ஜு', 'ஏக் நசர்' என இரண்டு படங்களில் அமிதாப்புடன் நடித்தார், இரண்டும் விழுந்தன. அடுத்து 'ஜஞ்சீர்'. பெயர் பெற்ற நாயகர் ஒருவர்பின் ஒருவராக மறுத்த படம். தோல்வி முத்திரை குத்தப்பட்ட நாயகனுடன் நடிக்க முன்னணி நாயகியர் எளிதில் வருவரோ? ஜயா வந்தார். கத்தி தீட்டும் தெருப்பெண்ணாக அவருக்குச் சிறு வேடமே. 1973 மே மாதம் படம் வெளிவந்து வென்றது. சூன் மாதம் திருமணம். கோபக்கார இளைஞனின் காலம் தொடங்கியது. நாயகியோ மெல்ல மெல்ல வீட்டுக்குள் போனார்.

இவர்களுக்குத் திறமை இல்லையென்று நாம் கூறவில்லை. திலீப் குமாரின் தணிந்த குரலும் அமிதாப்பின் கனத்த குரலும் இரவல் அல்ல. திறமை முதல் நாளிலேயே இருந்தது; ஆனால் அதன் பேரில் முதல் நாளில் ஒருவரும் காசு கொடுக்கவில்லை என்பதே பேச்சு. புதிய நாயகியருக்கும் பெரிய நாயகர் துணை நின்றதில்லையா என்று கேட்கலாம். நின்றனர், 1961-இல் 'ஜங்லீ'யில் சாய்ரா பானுவுக்கு ஷம்மி கபூர் நின்றார். கணக்கு இருபுறமும் உண்டு. ஆனால் தவணை வேறு. ஆணுக்குக் கிடைத்த நம்பிக்கை முப்பது ஆண்டுகள் வட்டியோடு வளரும். பெண்ணுக்குக் கிடைத்தது திருமணம் வரை, அல்லது முதல் சுருக்கம் விழும்வரை. ராக்கி, 1976-இல் 'கபீ கபீ'யில் அமிதாப்பின் காதலி. 1982-இல் 'சக்தி'யில் அவருக்கே தாய். இதிலே ராக்கி அவரைவிட ஏறத்தாழ ஐந்து வயது இளையவர்!

பின்னர் ஈடு வேறு கைக்கு மாறிற்று. 'மேரா நாம் ஜோக்கர்' 1970-இல் தோற்று ராஜ் கபூர் கடனில் மூழ்கினார். பெரிய நட்சத்திரத்தின் விலை கொடுக்க வழியில்லை. தம் மகன் ரிஷியையும், டிம்பிள் என்ற புதுப்பெண்ணையும் வைத்து 1973-இல் 'பாபி' எடுத்து மீண்டார். பிறருக்கு அது பாடமாயிற்று. 1981-இல் ராஜேந்திர குமார் தம் மகன் குமார் கௌரவுக்காக 'லவ் ஸ்டோரி', 1983-இல் தர்மேந்திரா தம் மகன் சன்னிக்காக 'பேதாப்', 2000-இல் ராகேஷ் ரோஷன் தம் மகன் ஹிருத்திக்குக்காக ஒரு படம். எதிலும் நாயகி புதுமுகம். தந்தையின் பெயரே ஈடாக நிற்கும்போது, புகழ் பெற்ற பெண்ணின் தோள் எதற்கு? 1936-இல் கங்குலி என்ற பெயரைக் கழற்றிய அதே தொழில், இப்போது கபூர், தியோல், ரோஷன் என்ற குடும்பப் பெயர்களைப் பொன்னெழுத்தில் பொறித்தது. இரசாயனக்கூடத்து ஊழியனும் ரொட்டி விற்றவனும் நுழைந்த வாயில் குறுகியது. குமார் கௌரவின் புகழ் சில ஆண்டுகளில் மங்கியது வேறு கதை. தந்தையால் தொடக்கத்தைத்தான் வாங்கித் தர முடியும்.

நர்கிசிடம் திரும்புவோம். 1957-இல் 'மதர் இந்தியா'. மெஹபூபின் அப்படத்தில் இருபத்தெட்டு வயது நர்கிஸ் தாய். அவருக்கு ஏறத்தாழ ஒத்த வயதினரான சுனில் தத்தும் ராஜேந்திர குமாரும் மகன்கள். 1955-இல்தான் திரைக்கு வந்திருந்த சுனில் தத்தை நாடறிந்த நடிகராக்கியது அந்தப் படம். மறு ஆண்டு நர்கிஸ் அவரை மணந்து, நாயகி வேடத்தை ஏறக்குறைய விட்டே விட்டார். 1980-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவர்களுடைய மகன் சஞ்சய் தத்தை நாயகனாக்கத் தந்தையே இயக்கிய படம் 'ராக்கி'. அதிலே தோள் கொடுக்கப் பெயர் பெற்ற ரீனா ராயும் இருந்தார். நர்கிஸ் 1981 மே 3-இல் புற்றுநோயால் மறைந்தார். அந்த வாரத்திலேயே படம் வெளிவந்தது. முதற் காட்சியில், குடும்பத்தாருக்கு நடுவே ஓர் இருக்கையை அவருக்காக வெறுமையாய் விட்டிருந்தனர்.