தேறல் முதல் அரைக் கரண்டி ஈஸ்ட் வரை

ராயபுரம், பெரம்பூர்ப் பகுதிகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் வைனுக்கான செய்முறை கைமாறி வருவது. கறுப்புத் திராட்சை ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, கோதுமை ஒரு கைப்பிடி, பீங்கான் ஜாடி, 21 நாள். இவற்றில் வீட்டுக்கு வீடு பெரிய வேறுபாடு இராது. ஈஸ்டின் அளவில்தான் கருத்து பிரியும். கால் கரண்டி என்பார் ஒருவர். ஒரு கரண்டி என்பார் இன்னொருவர். திராட்சைத் தோலில் இருப்பதே போதும் என்பார் மூன்றாமவர். திராட்சைக்குப் பதிலாகத் தேனைக் கரைத்து வைக்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. உண்மையில் இக்கேள்வி எப்போது பிறந்தது?

தேன் மது தமிழருக்குப் புதிதன்று. நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேக்கள் தேறலைத் தருவதை மலைபடுகடாம் காட்டுகிறது. ஆய் அண்டிரனின் மலையில் குறவர் அத்தகைய தேறலை உண்டு குரவை ஆடுவதைப் புறநானூற்றில் காண்கிறோம். அங்கே எவரும் ஈஸ்டை அளந்திருக்க மாட்டார்கள். தேனுக்குள்ளேயே காட்டு ஈஸ்ட் உறங்குகிறது. நீர்ப்பங்கு 17, 18 விழுக்காட்டுக்குள் இருக்கும்வரை அது விழிப்பதில்லை; தண்ணீர் சேர்ந்தால் விழித்துக்கொள்கிறது. முன்பு பயன்பட்ட குழாயின் உட்புறத்தில் ஒட்டியிருந்த மண்டியும் துணை நின்றிருக்கும் எனக் கொள்ளலாம்.

மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால், தேனின் இடத்தில் பனை நிற்கிறது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு வரை இன்றும் பனை உண்டு. பனஞ்சாறு இறங்கும் பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஈஸ்டை எவ்வளவு சேர்ப்பது என்று நம் முன்னோர் கேட்கவில்லை; அதை எப்படித் தடுப்பது என்றே கேட்டார்கள். அதற்கான விடையும் அவர்கள் கையில் இருந்தது. அந்தக் கள்ளே ஆப்பமாவையும் காலனிய காலத்து ரொட்டி மாவையும் புளிக்கவைத்தது.

ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது 1856இல். அடுத்த ஆண்டுதான் பாஸ்டர் நொதித்தலைப் பற்றிய தம் முதல் ஆய்வை வெளியிட்டார். ஈஸ்ட் ஓர் உயிர் என்பதை 1837 அளவிலேயே சிலர் கண்டிருந்தும், அறிவுலகம் அதை ஏற்கத் தயங்கியது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் வகையைத் தனியே வளர்த்துக் காட்டினார். உலர்ந்த ஈஸ்ட் தூள் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உருவானது. அதே பத்தாண்டில், 1948இல், சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து கள்ளும் சட்டத்துக்குப் புறம்பாயிற்று. கள் மறைந்த அடுக்களைக்குள் பிற்பாடு பொட்டலம் நுழைந்தது. நம் கேள்வி பிறந்ததும் அப்போதுதான்; விலைக்கு வாங்கும் பொருளுக்குத்தானே அளவு தேவைப்படுகிறது!

விடையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிலோ தேனைக் கரைத்து நான்கு லிட்டர் ஆக்குவதாகக் கொள்வோம். வைன் ஆலைகளின் வழக்கம் லிட்டருக்குக் கால் கிராம் அளவு. ஆக ஒரு கிராம். ஒரு கிராம் தூளில் ஏறக்குறைய 1000 கோடி செல்கள் உள்ளன. நொதித்தல் உச்சத்தை எட்டும்போது ஒரு மில்லி லிட்டரில் சுமார் 10 கோடி இருக்கும். நான்கு லிட்டரில் 40,000 கோடி. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஐந்தாறு முறை பெருகினாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும். ஒரு கிராமுக்குப் பதில் இரண்டு கிராம் இட்டால் மிச்சமாவது ஒரு தலைமுறை, அதாவது இரண்டு மூன்று மணி நேரம்! கால் கரண்டிக்காரரும் அரைக் கரண்டிக்காரரும் இத்தனை காலம் வாதிட்டது இதற்காகத்தான். மிகக் குறைந்தால் வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். மிகக் கூடினால் மண்டியின் வாடை ஏறும். நான்கு லிட்டருக்கு அரைக் கரண்டி, ஏறத்தாழ ஒன்றரை கிராம், தாராளம்.

தேனின் உண்மையான குறை வேறு. அதில் சர்க்கரை மிகுதி, நைட்ரஜன் சொற்பம். உணவில்லாத ஈஸ்ட் பாதியில் சோர்ந்து, அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும். அதற்காகச் சிலர் ஒரு கரண்டி ஈஸ்டைக் கொதிநீரில் கொன்று, உயிருள்ள ஈஸ்டுக்கு உணவாக இடுகிறார்கள். முதல் சில நாட்கள் கிளறிக் காற்றூட்டுவதும், வெப்பம் ஏறாமல் காப்பதும் அளவைவிட முக்கியம். சென்னையில் இரவு வெப்பம் 22 டிகிரிக்கு அருகே இறங்குவது டிசம்பரில்தான். பண்டிகையும் பருவமும் தற்செயலாகப் பொருந்தி வந்திருக்கின்றன.

இத்தனை நுணுக்கமும் இன்று சட்டத்தின் நிழலில் உள்ளது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் மது வடிப்பதும் காய்ச்சுவதும் குற்றம். 1987 முதல் கள்ளுக்கும் தடை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் பாணருக்குப் பழந்தேறல் தந்து விருந்தோம்புகிறார்கள். அப்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர் பலர் அடையாளம் காண்கின்றனர். அதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 2023 மே மாதம் 20க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியானார்கள். அவர்களைக் கொன்றது நொதித்தல் அன்று. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். தேனோ கள்ளோ புளிக்கும்போது உயிரைப் பறிக்கும் அளவில் அது உருவாவதில்லை.

மலைக்குறவரின் குழாய், பனையேறியின் சுண்ணாம்பு, ராயபுரத்து ஜாடி ஆகிய மூன்றிலும் எது உணவு, எது நஞ்சு என்ற அறிவு இருந்தது. அரைக் கரண்டியை எந்தப் பொட்டலத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அந்த அறிவை இழந்தால் எந்தக் கடையில் வாங்குவது?